அறிந்தவன் கடன் யாது?

உலகில் அறியாமையால் விளையும் தீமைகள் பல. அவற்றைப் பற்றி அறிஞர் பலர் பேசியும் எழுதியும் வந்திருக்கின்றனர். ஆனால், அறிந்தும் வாய் திறவாமையால் விளையும் தீமைகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பேச வல்லவர் எவரோ, அவரே பெரும்பாலும் வாய் மூடியிருந்தவராகவும் இருப்பர். ஆகலின் இவ்விஷயம் எடுப்பவர் கையையே சுடும் விஷயமாகும். நம் கையையும் இது சுட்டது. அந்த வடுவை முதலிற் காட்டிவிட்டுப் பிறகு விவாதத்துட் புகுவதே முறையென்று கருதுகிறோம்.

2015ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்நாட்டைப் புகைமூட்டம் மூடிக் கிடந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். நாம் அப்பொழுது ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் இளைய கிராணியாக இருந்தோம். காலைப் பெரட்டுக்கு முன்னரே கம்ப்யூட்டரைத் திறந்து, அருகிலுள்ள பட்டணத்தின் காற்று மாசுக் குறியீட்டைப் பார்ப்பது நமது வழக்கம். ஒரு நாள் அவ்வெண் 170க்கும் மேல் ஏறியிருந்தது. 100ஐத் தாண்டினாலே ஆரோக்கியத்துக்குக் கேடென்று அரசாங்கத்தார் வகுத்திருக்கின்றனர். எண்ணைப் பார்த்தோம், பொருளும் விளங்கிற்று. பின்னர்ச் செக்ரோல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குச் சென்றோம்.

அங்கே, மருந்தடிக்கும் பகுதியில் வேலை செய்யும் ஓர் அம்மாள் நம்மருகே வந்து, “ஐயா, காத்து இப்படிக் கெடக்கே, சின்னதுக்கு இளைப்பு வேற. இன்னிக்கு ஆயாக் கொட்டாயில விடலாமா, இல்ல நான் வேலைக்குப் போகாம வீட்டுலயே வச்சுக்கவா?” என்று கேட்டார். நாம் என்ன சொன்னோம்? “துரை ஒண்ணும் சொல்லலியே, அக்கா” என்றோம். அவரும் தலையசைத்துவிட்டு, ஒரு நாள் கூலியை இழக்க மனமின்றிக் குழந்தையை ஆயாவிடம் விட்டு வேலைக்குச் சென்றார். அன்றிரவு அக்குழந்தை மூச்சு வாங்கிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டது. மூன்று நாட்களிற் குணமாகித் திரும்பிற்று. புகைதான் காரணமென்று எவரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் இயலாது. நம்மை எவரும் குற்றஞ்சொல்லவுமில்லை. அந்த அம்மாள் இன்றளவும் நம்மைக் கண்டால் மரியாதையோடு வணக்கஞ் சொல்லுகிறார். அவ்வணக்கந்தான் நம்மை உறுத்துகிறது.

நாம் பொய் சொல்லவில்லை. துரை ஒன்றும் சொல்லாதது மெய்யே. அந்த எண் 30 மைலுக்கு அப்பாலுள்ள பட்டணத்து எண். நம் தோட்டத்துக் காற்றைக் காட்டுவதன்று என்பதும் மெய்யே. குழந்தைக்கு அதனால் தீங்கு வருமென்று நமக்கு உறுதியாகத் தெரியாது என்பதும் மெய்யே. இத்தனை மெய்களையும் அடுக்கி அவற்றுக்குப் பின்னே நாம் ஒளிந்துகொண்டோம். இங்கேதான் வினா எழுகின்றது. ஒரு தீமையைப் பாதி அறிந்தவன், மீதிப் பாதி தெரியும் வரை வாய் மூடியிருக்கலாமா? அரைகுறை அறிவோடு பேசுவது குற்றமா, பேசாதிருப்பது குற்றமா?

இவ்வினாவைத் தம் வாழ்க்கை முழுவதிலும் எதிர்கொண்டு விடை தேடிய ஒருவரை நாமறிவோம். அவர் அரசியல்வாதியுமல்லர், மதாசாரியருமல்லர். காற்றில் மிதக்கும் நுண்துகள்களையும் கண்ணுக்குத் தெரியாத வாயுக்களையும் ஒளியைக் கொண்டு ஆராய்ந்த ஒரு பௌதிக இரசாயன அறிஞர். பெயர் மாரியோ மோலினா. மெக்ஸிகோ நகரில் 1943ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோதே நுண்பெருக்கிக் கண்ணாடியின் வழியே ஒரு துளி நீரில் நெளியும் உயிர்களைக் கண்டு வியந்து, வீட்டில் அதிகம் பயன்படாத ஒரு குளியலறையைச் சோதனைச்சாலையாக மாற்றிக்கொண்டார். இரசாயனம் கற்ற அத்தையொருவர் அவருக்குத் துணை நின்றார். மெக்ஸிகோவிலும் ஜெர்மனியிலும் பயின்றபின், 1968இல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையிற் சேர்ந்து, ஜார்ஜ் பிமென்டெல் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1972இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் பயின்ற கலை யாதென வாசகர் அறிதல் வேண்டும். அடுப்புச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் பளிச்சென்று மஞ்சளாவதை நம் பெண்மணிகள் அறிவர். உப்பிலுள்ள சோடியம் என்னும் தாது தனக்குரிய நிறத்தைக் காட்டுவதே அது. இவ்வாறு ஒவ்வொரு பொருளும் ஒளியில் சில நிறங்களை வெளிவிடும் அல்லது விழுங்கும். எந்த நிறம் குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று கருவியால் அளந்தால், அங்கே இருப்பது எந்தப் பொருள், எவ்வளவு இருக்கிறது என்று கூறிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் இவ்வாராய்ச்சிக்கு உதவும். இதனையே நிறமாலை ஆய்வு என்பர். கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது போன்ற வித்தை இது. தொடாமலும் முகராமலும் சாட்சி சொல்ல வைக்கும் வித்தை.

பெர்க்லியில் மோலினா இரசாயன மாற்றத்திலிருந்து பிறக்கும் லேசர் ஒளியைப் பற்றி ஆராய்ந்தார். அத்தகைய ஆற்றல் மிக்க லேசர்களை வேறிடங்களில் போர்க்கருவிகளாக்க முயல்கின்றனர் என்று அறிந்தபோது அவர் மனம் வருந்தினார். சமூகத்துக்கு நன்மை தரும் ஆராய்ச்சியே தமக்கு வேண்டுமென்று கருதினார். கற்ற கல்வி எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கும் வழக்கம் அவரிடம் இளமையிலேயே இருந்தது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

1973இல் அவர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் இர்வைன் கிளைக்குச் சென்று ஷெர்வுட் ரோலண்ட் என்னும் அறிஞரிடம் சேர்ந்தார். ரோலண்ட் சில ஆராய்ச்சிப் பொருள்களைக் கூறி, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மோலினா எடுத்துக்கொண்டது, குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயுக்கள் காற்றிற் கலந்தபின் என்னாகின்றன என்பதை.

இவ்வாயுக்களை மனிதன் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. 1928க்கு முன் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியாவும் கந்தக டையாக்ஸைடும் பயன்பட்டன. அவை கசிந்தால் ஆளைக் கொல்லும். அவ்வாண்டில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவர் குழுவினரும் நஞ்சற்ற, தீப்பற்றாத வாயுவைக் கண்டுபிடித்தனர். 1930இல் மிட்ஜ்லி அறிஞர் சபை நடுவே அவ்வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். அதன்பின் அது குளிர்பதனப் பெட்டியிலும், வாசனைத் திரவியத்தையும் பூச்சி மருந்தையும் பீச்சியடிக்கும் டப்பாக்களிலும் நிறைந்து உலகெங்கும் பரவிற்று. 1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கில விஞ்ஞானி கப்பலிற் சென்று அளந்தபோது, நடுக்கடற் காற்றிலும் அது இருப்பதைக் கண்டார். அதனால் தீங்கு நேருமென்று அவர் அப்பொழுது கருதவில்லை.

மோலினா கேட்ட கேள்வி எளியது. மழை இதைக் கரைக்கிறதா? இல்லை. மண் இதை உறிஞ்சுகிறதா? அதுவும் இல்லை. நாம் காணும் வெயில் இதைச் சிதைக்கிறதா? இல்லை; இவ்வாயு அவ்வொளியை விழுங்குவதே இல்லையென நிறமாலை காட்டிற்று. அது விழுங்குவது கடுமையான புற ஊதாக் கதிரை மட்டுமே. அக்கதிரோ தரைக்கு வருவதில்லை; மேலேயுள்ள ஓஸோன் படலமும் பிராணவாயுவும் அதைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே இவ்வாயு பல பத்தாண்டுகள் அலைந்து, மெல்ல மெல்ல உயரே சென்று, அக்கடுங்கதிர் விழும் இடத்தை அடைந்தே சிதையவேண்டும். சிதைந்தால் அதிலிருந்து குளோரின் அணு விடுபடும். அந்த அணு ஓர் ஓஸோன் மூலக்கூறை அழிக்கும். அழித்தும் தான் அழியாது மீண்டும் வெளிவந்து அடுத்ததை அழிக்கும். இவ்வாறு ஓர் அணு ஏறக்குறைய 1,00,000 ஓஸோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும் என்று கணக்கு வந்தது. ஓஸோன் படலமோ தோற் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் பயிர்ச் சேதத்துக்கும் காரணமான கதிர்களிலிருந்து நிலத்துயிர்கள் அனைத்தையும் காக்கும் குடை. ஆராய்ச்சி தொடங்கி ஏறக்குறைய மூன்றே மாதங்களில் இவ்விளைஞர் கண்ட உண்மை இது.

வாசகரே, அந்நிலையில் அவரை நிறுத்திப் பாருங்கள். வயது 30. உத்தியோகம் நிலையானதன்று. பிறந்த நாடு வேறு. கையிலிருப்பதோ காகிதத்திற் போட்ட கணக்கும் சோதனைச்சாலையில் அளந்த சில அளவுகளும். ஓஸோன் குறைந்ததை எவரும் கண்ணாற் கண்டதில்லை. எதிரே நிற்பது கோடிக்கணக்கான டாலர் புரளும் ஒரு தொழில். இந்நிலையில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கட்டுரையை அறிஞர்க்குரிய ஏட்டில் வெளியிட்டுவிட்டு, மற்றது அரசாங்கத்தார் பாடு என்று இருந்துவிடல். மற்றொன்று, மேலே சென்று அளந்து நிரூபிக்கும் வரை காத்திருத்தல். மூன்றாவது, அறிந்த மட்டில் வெளிப்படக் கூறல். 1974 ஜூன் 28ஆம் நாள் ‘நேச்சர்’ ஏட்டில் மோலினா, ரோலண்ட் ஆகிய இருவரின் கட்டுரை வெளியாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தின்போது பத்திரிகையாளர் முன் நின்று, இவ்வாயுக்களைக் காற்றில் விடுவதை நிறுத்தவேண்டுமென்று கூறினர். அவர்கள் தேர்ந்தது மூன்றாவது வழி.

இதற்கு எழுந்த மறுப்புக்களை நாம் எளிதிற் புறந்தள்ளலாகாது. ‘நிரூபணமில்லாமல் பேசிப் பல்லாயிரம் தொழிலாளர் வாயில் மண்ணைப் போடுவதா?’ என்று கேட்டனர். தோட்டத்துக் கிராணிக்கு இக்கேள்வியின் கனம் தெரியும். ரப்பர் விலை விழுந்தபோதும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் வேலை போன குடும்பங்களின் கதையை நாம் பெரியோரிடம் கேட்டு வளர்ந்தோம். தவறான அபாய அறிவிப்பும் அடுப்பை அணைக்கும். ஊரெல்லாம் வதந்தி பரப்புகிறவனும் ‘எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்’ என்றுதான் சொல்லுகிறான். அப்படியானால் வதந்திக்காரனுக்கும் மோலினாவுக்கும் வேற்றுமை யாது?

நாம் ஆராய்ந்தவரையில் வேற்றுமை மூன்று. முதலாவது, தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று அவர் வரம்பு கட்டிச் சொன்னார். வதந்திக்காரனுக்கு வரம்பில்லை. இரண்டாவது, பிறர் சோதித்துப் பார்க்கும்படி தம் கணக்கையும் அளவுகளையும் திறந்து வைத்தார். பகைவரும் அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம். வதந்திக்காரன் மூலத்தைக் கேட்டால் கோபங்கொள்வான். மூன்றாவது, சொல்லிவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. தம் சொல்லைத் தாமே சோதித்துக்கொண்டிருந்தார். 1982இல் பேராசிரியப் பதவியை விட்டு, பாஸடீனாவிலுள்ள ஜெட் புரொபல்ஷன் லாபரட்டரிக்குச் சென்றார். பாடஞ்சொல்லும் வேலையும் நிர்வாக வேலையும் மிகுந்து, தம் கையாற் சோதனை செய்ய இயலாமற் போனதே காரணம். பதவியைவிடச் சோதனை பெரிதென்று கருதியவர் பேச்சு வதந்தியாகாது.

இனிக் காத்திருப்போம் என்பாரின் வாதத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1978இல் பீச்சு டப்பாக்களில் இவ்வாயுக்களைப் பயன்படுத்துவது பெரும்பாலும் தடுக்கப்பட்டது. பிற நாடுகளிலும் பிற தொழில்களிலும் பயன் நீடித்தது. 1980களின் முற்பகுதியில் புதிய கணக்குகள் வர வர, எதிர்பார்க்கப்பட்ட ஓஸோன் இழப்பு குறைந்துகொண்டே வந்தது. ‘பார்த்தீர்களா, பயந்தது வீண்’ என்று பலர் ஆறுதலடைந்தனர். அந்நேரத்தில், 1985 மே மாதம், தென்துருவத்திலுள்ள ஹாலி பே நிலையத்தில் பல்லாண்டு அளந்துவந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூன்று ஆங்கிலேயர், அங்கே வசந்த காலத்தில் ஓஸோன் பெருமளவு குறைந்துவிட்டதென்று வெளியிட்டனர். அவர்கள் அளந்ததும் நிறமாலைக் கருவியைக் கொண்டேயாகும். உலகம் திடுக்கிட்டது. ஏனெனில், அவ்வளவு பெரிய இழப்பை எவரும் கணக்கிடவில்லை, மோலினாவும் கணக்கிடவில்லை!

இது நுட்பமான இடம். வாசகர் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஐயம் இருக்கிறது, ஆகவே காத்திருப்போம் என்பவர், ஐயம் எப்பொழுதும் நம் பக்கமே சாயும் என்று எண்ணிக்கொள்ளுகின்றனர். தெரியாத பாகத்தில் நன்மையே இருக்குமென நம்புகின்றனர். தராசு இரு பக்கமும் சாயும் அன்றோ? தெரிந்ததைவிடத் தெரியாதது கொடியதாகவும் இருக்கலாம். ஓஸோன் விஷயத்தில் அப்படியே நேர்ந்தது.

காரணம் யாதெனின், நுண்துகள்கள். தென்துருவத்து நீண்ட குளிர்காலத்தில், 15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழ் 80 டிகிரியளவு குளிரில், பனிக்கட்டித் துகள்களாலான மெல்லிய மேகங்கள் தோன்றும். குளோரின் அதுவரை இரு தீங்கற்ற சேர்மங்களுக்குள், சிறையில் அடைபட்டதுபோல் அடங்கிக் கிடக்கும். அவ்விரண்டும் வெறுங்காற்றிற் சந்தித்தால் ஏறக்குறைய ஒன்றும் நிகழாது. பனித்துகளின் மேற்பரப்பிற் சந்தித்தாலோ விரைவில் மாற்றம் நிகழ்ந்து குளோரின் விடுபடும். வசந்தகாலச் சூரியன் எழுந்ததும் ஓஸோன் அழிவு தொடங்கும். சூசன் சாலமனும் அவர் கூட்டாளிகளும் 1986இல் இக்கருத்தை எடுத்துரைத்தனர். மோலினாவும் அவர் குழுவினரும் சோதனைச்சாலையில் பனிப்பரப்பை உண்டாக்கி அது மெய்யென 1987இற் காட்டினர். அதே ஆண்டில் மாரியோவும் அவர் துணைவியார் லூயிஸா மோலினாவும், குளோரினும் பிராணவாயுவும் இரட்டையாய்ப் பிணைந்த ஒரு விந்தையான சேர்மத்தை நிறமாலையால் ஆராய்ந்து, தென்துருவத்து வேகமான அழிவுக்கு மற்றொரு விளக்கம் தந்தனர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் சொன்னதிற் குறைவிருந்தது என்பதை மறைக்காமல், அக்குறையைத் தம் கையாலேயே நிரப்பினார் மோலினா.

1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியால் நகரில் பல தேசத்தார் கூடி, இவ்வாயுக்களைக் குறைக்க உடன்படிக்கை செய்தனர். தென்துருவத்து அழிவின் காரணம் அன்று ஐயமற நிலைநாட்டப்படவில்லை என்பதை மறவாதீர்கள். முழுச் சான்றும் வந்து சேருமுன்னரே செயலில் இறங்கினர். மறுத்து நின்ற டூ பாண்ட் கம்பெனியும் 1988இல் இவ்வாயுக்களின் உற்பத்தியைக் கைவிடப்போவதாக அறிவித்தது. வேறு வாயுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. குளிர்பதனப் பெட்டி உலகை விட்டு ஓடிவிடவில்லை. 1995இல் மோலினாவுக்கும் ரோலண்டுக்கும் பால் குருட்ஸனுக்கும் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. தமக்குக் கிடைத்த பணத்தில் 2,00,000 டாலரை, வளரும் நாடுகளிலிருந்து வரும் இளம் சூழலியல் ஆராய்ச்சியாளருக்காக மோலினா அளித்தார். உடன்படிக்கை ஒழுங்காக நடந்தால், தென்துருவத்து ஓஸோன் ஏறக்குறைய 2066ஆம் ஆண்டில் 1980இன் நிலைக்குத் திரும்புமென்று ஐக்கிய நாடுகளின் ஆதரவில் கூடிய அறிஞர் குழு 2023இல் அறிவித்தது. 1974இற் சொன்ன சொல்லின் பயன் 2066இல்! சொன்னவர் 2020 அக்டோபர் 7ஆம் நாள் மறைந்துவிட்டார். பயனைக் கண்ணாற் காண்பவர் அவர் பேரக்குழந்தைகளின் தலைமுறையினரே.

வானத்தைக் காத்த பெருமையோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தாம் பிறந்த மெக்ஸிகோ நகரின் காற்றை ஆராயத் திரும்பினார். 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கும் அந்நகரம், 1990களின் தொடக்கத்தில் உலகின் மிக மாசுபட்ட நகரங்களுள் ஒன்றாயிருந்தது. 2003இலும் 2006இலும் பல தேசத்து ஆராய்ச்சியாளர் அங்கே கூடி, வாகனப் புகையிலிருந்தும் எரிப்பிலிருந்தும் பிறக்கும் நுண்துகள்களை அளந்தனர். நமது புகைமூட்டத்திலுள்ளவை போன்ற துகள்களே அவை. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்தவை; மூக்கு தடுக்கமாட்டாது; நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும். தூரத்து வானத்துக்காகப் பேசியவர் தம் தெருவுக்காகவும் பேசினார். நம்மிற் பலருக்கு இது நேர்மாறு. தூரத்து அநியாயத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுவோம். பெரட்டுக் களத்தில் வாய் வராது.

அவரைத் தெய்வமாக்கும் எண்ணம் நமக்கில்லை. தனிமனித வழிபாடு அறிவுக்குப் பகை. 2020 ஜூன் மாதத்தில், கொரோனா நோய் காற்றில் மிதக்கும் துகள்களாற் பரவுவதையும் முகக்கவசத்தின் பயனையும் பற்றி அவரும் பிறரும் எழுதிய கட்டுரையை, கணக்கிட்ட முறை பிழையென்று நாற்பதுக்கு மேற்பட்ட அறிஞர் கண்டித்து, அதைத் திரும்பப் பெறவேண்டுமென்று கேட்டனர். காற்றின் வழி நோய் பரவுதலும் கவசத்தின் நன்மையும் பின்னர்ப் பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்டன. எனினும் முறையிற் கண்ட பிழை பிழையே. பேசுவோர் பிழைபடுவர். அதனாற் பேசாமையே சிறந்ததென்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. பேசுகிறவன் திருத்தப்படுவதற்கும் இடங்கொடுக்கவேண்டுமென்றே கொள்ளவேண்டும். வாய் திறந்தவனின் பிழையைப் பிறர் திருத்தலாம். வாய் மூடியவனின் பிழையைத் திருத்துவார் யார்? அது பிழையென்றே எவருக்கும் தெரியாதே!

இனி நம் வினாவுக்கு வருவோம். பாதி அறிந்தவன் கடன் யாது? பாதியைப் பாதியென்றே சொல்லுதல். முழுதென்று சொல்வது பொய்; ஒன்றுமில்லையென்று இருப்பதும் பொய்யே. முன்னது வாயாற் சொல்லும் பொய். பின்னது வாயை மூடிச் சொல்லும் பொய். அன்று அந்த அம்மாளிடம் நாம் சொல்லியிருக்க வேண்டியது மிகச் சிறியது. ‘அக்கா, பட்டணத்திலே எண் 170க்கு மேலே இருக்கு. நம்ம தோட்டத்திலே எவ்வளவுன்னு தெரியாது. இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு அது நல்லதில்லேன்னு சர்க்காரே சொல்லுது’ என்பதே. குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது என்பதை அவர் தீர்மானித்திருப்பார். கூலியா, குழந்தையின் மூச்சா என்று நிறுத்துப் பார்க்கும் உரிமை தாய்க்குரியது. நாம் எடைக்கல்லை ஒளித்து வைத்துக்கொண்டு அவரைத் தராசு பிடிக்கச் சொன்னோம். நமது குற்றம் அதுவே. புகையால் குழந்தைக்கு நோய் வந்ததா இல்லையா என்பதை அக்குற்றம் சார்ந்ததன்று. குழந்தைக்கு ஒன்றுமே நேராதிருந்தாலும் அது குற்றமே.

நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்கள். அந்த எண்ணையும் அதன் பொருளையும் வாசிக்க வைத்தது அப்படிப்பு. அது நம் திறமையால் மட்டும் வந்ததன்று. நெற்றுக் கத்தியும் பால்வாளியும் பிடித்த கைகள் தேடித் தந்தது. லயத்திலிருந்து ஒரு பிள்ளை படிக்கச் சென்றால், படிக்காத பத்துப் பேரின் கண்ணும் அவனிடத்திலே ஒப்படைக்கப்படுகிறது. அடமானம் வைத்த பொருளைத் தன்னுடையதென்று வைத்துக்கொள்பவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

சில ஆண்டுகளாக நாம் ஒரு சிறு காரியம் செய்து வருகிறோம். புகை நாட்களில், பெரட்டுக் களத்துக் கரும்பலகையில் அன்றைய எண்ணைத் தமிழில் எழுதுகிறோம். அதன்கீழ், ‘இது பட்டணத்து அளவு, இங்கே கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்’ என்றும் எழுதுகிறோம். முதல் நாள் மேலதிகாரி ஒருவர் நம்மை அழைத்து, “யாரைக் கேட்டு எழுதினீர்?” என்றார். கால் நடுங்கிற்று என்பதை மறைக்கவில்லை. “அரசாங்கம் வெளியிட்ட எண் ஐயா, பிழையிருந்தால் அழித்துவிடுகிறேன்” என்றோம். அவர் நெடுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமற் சென்றார். எழுத்து அழிக்கப்படவில்லை. மறுநாள் மண்டோர் ஒருவர், எழுத்தறியாத கிழவிக்கு அதை உரக்க வாசித்துக் காட்டக் கேட்டோம்.

இதனால் புகை நின்றுவிடவில்லை. கூலி உயரவில்லை. காற்றுக்குத் துரையும் இல்லை, கிராணியும் இல்லை. எல்லார் நுரையீரலிலும் அது புகுகின்றது. ஆயினும் அதைப் பற்றிய அறிவு மட்டும் சிலர் மேசையோடு நின்றுவிடுகிறது. நின்றுவிடாமல் அதைக் களம்வரை கொண்டுவந்து சேர்ப்பது, மோலினாவைப் போன்ற பேரறிஞருக்கு மட்டும் உரிய வேலையன்று. வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் உரியது. கிராணிமாரே, ஆசிரியன்மாரே, பட்டணத்து இளைஞர்களே, நாளைக் காலை உங்களிடம் ஒருவர் வந்து கேட்பார். தெரிந்த மட்டில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள். துரை ஒன்றும் சொல்லவில்லையே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.